ஆட்டைப் பாருங்கள், காக்கையைப் பாருங்கள்: லடாக் குளிரில் பனிச்சிறுத்தை தேடப் போகிறவர்களுக்கு

பனிச்சிறுத்தையைத் தேடி லடாக் போக ஏற்ற காலம் ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் முதல் வாரம் வரை. பிப்ரவரியில் பத்து நாள் விடுப்பு கிடைத்தால் யோசிக்காமல் டிக்கெட் போடுங்கள். கோடையில் இந்த விலங்கு நம் கால் எட்டாத உயரத்தில், பாறையும் பனிப்பாளமும் சேருமிடத்தில் திரிகிறது. குளிர் வந்ததும் மேலே இருக்கும் புல் பனிக்குள் புதைந்துவிடும். பாரல், ஐபெக்ஸ் போன்ற காட்டாடுகள் மேய்ச்சலுக்காகப் பள்ளத்தாக்குகளை நோக்கி இறங்கும்; அவற்றின் பின்னால் சிறுத்தையும் இறங்கும். ஜனவரி முதல் மார்ச் நடுப்பகுதி வரை அதற்கு இணைசேரும் பருவமும்கூட. தனித்தே வாழும் விலங்கு அந்த வாரங்களில்தான் முகடுகளில் நெடுந்தூரம் நடக்கும், பாறைகளில் வாசனை வைக்கும், பகலிலும் குரல் கொடுக்கும். சிங்கம் புலியைப் போல அதனால் கர்ஜிக்க முடியாது. நீளமாக இழுத்து ஊளையிடுவது போன்ற குரல்தான் வரும். ஒருமுறை கேட்டவர்களுக்கு மறக்காது.

2024 ஜனவரியில் வெளியான அரசுக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 718 பனிச்சிறுத்தைகள் உள்ளன. அவற்றில் 477 லடாக்கில். எண்ணிக்கை பெரிதாகத் தெரிந்தாலும் அவை பரவிக் கிடக்கும் நிலம் அதைவிடப் பெரியது. புதிதாகப் போகிறவர்கள் காலை முதல் மாலை வரை சிறுத்தையையே தேடிக் களைத்துப்போவதைப் பார்க்கிறேன். ஒரு கிலோமீட்டருக்கு அப்பால், சாம்பல் பாறைச் சரிவில், சாம்பல் நிறத்தில் படுத்திருக்கும் பூனையைக் கண் தானாகக் கண்டுபிடிக்காது. அதைக் காட்டிக்கொடுப்பவை மற்ற உயிர்கள்: காட்டாடு, காக்கை இனங்கள், பாறு கழுகுகள், கௌதாரி. இவற்றை ஆசையோடு பார்க்கப் பழகியவருக்குச் சிறுத்தை தென்படும் வாய்ப்பு கூடுகிறது. தென்படாவிட்டாலும் அந்தப் பத்து நாளும் நிறைந்திருக்கும். பறவை பார்க்கும் பழக்கமுள்ளவர்கள் இந்தப் பயணத்துக்குப் பாதி தயாரானவர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

எந்த ஊருக்குப் போவது

முதல் பயணத்துக்கு இரண்டு இடங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

ரும்பாக், ஹெமிஸ் தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் சிற்றூர். 1981இல் அறிவிக்கப்பட்ட இந்தப் பூங்காவின் பரப்பு சுமார் 4,400 சதுர கிலோமீட்டர். லே நகரிலிருந்து ஜிங்சென் வரை வண்டியில் போய், அதற்கு மேல் உறைந்த ஓடையை ஒட்டி நடக்க வேண்டும். இங்கே அதிகம் தென்படுவது பாரல் எனும் நீல ஆடு. இன்னோர் இடம் உலே. லேக்கு மேற்கே, ஷாம் என்று உள்ளூரில் சொல்லும் பகுதியில் இருக்கிறது. வீட்டு வாசல் வரை வண்டி போகும். சுற்றியுள்ள சரிவுகளில் ஐபெக்ஸ் மந்தைகளும், கீழே போகப் போக யூரியல் ஆடுகளும் உண்டு. இரண்டு ஊர்களும் ஏறக்குறைய 4,000 மீட்டர் உயரம்.

எனக்கு மனதுக்கு நெருக்கமானது ரும்பாக்தான். நடந்தே போவதால் வழியிலேயே பாதிப் பாடம் முடிந்துவிடும். ஆனாலும் முதன்முறை போகிறவர்களுக்கு, அதிலும் ஐம்பது வயது தாண்டியவர்களுக்கும் முழங்கால் தொந்தரவு உள்ளவர்களுக்கும், உலேயைத்தான் சொல்வேன். உடம்புக்கு முடியவில்லை என்றால் அரை மணி நேரத்தில் வண்டியேறி இறங்கத் தொடங்கலாம். அந்த உயரத்தில் இது பெரிய நிம்மதி.

பல்லாஸ் பூனை, லின்க்ஸ் எனும் காட்டுப்பூனை, கியாங் எனும் காட்டுக்கழுதை என்று பட்டியல் வைத்திருப்பவர்கள் ஹான்லே போகத் துடிப்பார்கள். அது 4,300 மீட்டரில், சாங்தாங் பீடபூமியில், காற்று ஓயாத வெட்டவெளி. இரண்டாவது பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

தங்குவது ஊர்க்காரர் வீட்டில்தான். இதற்கு ஒரு பின்கதை உண்டு. சிறுத்தை ஆட்டுத் தொழுவத்துக்குள் புகுந்துவிட்டால் ஒன்றோடு நிறுத்தாது. அடைபட்ட ஆடுகள் மிரண்டு ஓட ஓட, ஒரே இரவில் பலவற்றைக் கொன்றுபோடும். வருமானம் மொத்தமும் போன வீட்டுக்காரருக்குச் சிறுத்தை மேல் கோபம் வராமல் என்ன செய்யும்? ரின்சென் வாங்சுக் என்ற லடாக்கியரும் அவர் தொடங்கிய ஸ்னோ லெப்பர்ட் கன்சர்வன்சி இந்தியா டிரஸ்ட்டும் 2000களின் தொடக்கத்தில் ஊர் ஊராக உட்கார்ந்து பேசி, தொழுவங்களுக்குக் கம்பிவலைக் கூரை போட்டுக்கொடுத்தார்கள். வீட்டில் விருந்தினரைத் தங்கவைத்துப் பணம் பார்க்கும் ஏற்பாட்டையும் உண்டாக்கினார்கள். அது ரும்பாக் வட்டாரத்தில் வேர்பிடித்து மற்ற ஊர்களுக்கும் பரவியது. வாங்சுக் 2011இல் காலமானார். இன்று நீங்கள் கொடுக்கும் வாடகையும் வழிகாட்டிக் கூலியும் அந்த ஏற்பாட்டின் தொடர்ச்சி. ஆகவே பேரம் பேசாதீர்கள். வழிகாட்டியையும், மலையைக் கண்காணிக்கும் ‘ஸ்பாட்டர்’களையும் அதே ஊரிலிருந்து ஏற்பாடு செய்யச் சொல்லி முன்கூட்டியே கேளுங்கள்.

ஊரில் குறைந்தது ஐந்து இரவு வேண்டும். லேயில் மூன்று இரவு, திரும்பும்போது ஒன்று, விமானம் ரத்தானால் கைவசம் ஒன்று. பத்து நாளுக்குக் குறைத்துத் திட்டம் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

கிளம்பும் முன்

குளிரில் லேக்குச் சாலை வழியை நம்ப முடியாது; விமானம்தான். நம்மூரிலிருந்து போகிறவர்கள் டெல்லியில் ஓரிரவு தங்கி, காலை விமானத்தைப் பிடிப்பது நல்லது. மேகம் மூடினாலோ பனி பெய்தாலோ லே விமானங்கள் ரத்தாகும். டெல்லி-லே டிக்கெட்டையும் சென்னை அல்லது கோவை டிக்கெட்டையும் ஒரே நாளில் நெருக்கி வைக்க வேண்டாம். ஜனவரியில் உறைந்த ஜன்ஸ்கார் ஆற்றில் நடக்கும் சாதர் பயணக் கூட்டமும் சேர்வதால் விலை ஏறும். பிப்ரவரியை விரும்புவதற்கு அதுவும் ஒரு காரணம்.

வெளிமாநில ப்ரீபெய்டு சிம் லடாக்கில் வேலை செய்யாது. போஸ்ட்பெய்டு இணைப்பு ஒன்றாவது குழுவில் இருக்க வேண்டும். ஊர்களில் அதற்கும் சிக்னல் கிடைக்குமென்று எண்ண வேண்டாம். வீட்டில் முன்பே சொல்லிவிட்டுப் போங்கள். லேயில் ஏடிஎம் உண்டு. மேலே ரொக்கம்தான். ஆதார் அல்லது வாக்காளர் அட்டையின் அசலைக் கையில் வைத்திருங்கள்.

இதய நோய், நுரையீரல் கோளாறு, கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவர் சரி சொல்லாமல் டிக்கெட் எடுக்கக் கூடாது. மற்றவர்களும் ஒருமுறை போய்க் கேளுங்கள். உயர நோய்க்கு முன்காப்பாக ‘டயமாக்ஸ்’ என்ற பெயரில் விற்கும் அசெட்டசோலமைடு மாத்திரையைப் பலர் எழுதித் தருகிறார்கள். சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். இந்த மாத்திரை அடிக்கடி சிறுநீர் கழிக்க வைக்கும், விரல்நுனி மரத்தது போலக் கூசும், பயப்பட ஒன்றுமில்லை.

உடுப்பும் கருவிகளும்

லேயில் ஜனவரி இரவுகள் மைனஸ் 15 டிகிரி வரை சாதாரணமாகப் போகும். மேலே ஊர்களில் அதற்கும் கீழே. நடக்கும்போது இந்தக் குளிர் தெரியாது. நீங்களோ நடக்கப்போவது கொஞ்சம், மணிக்கணக்கில் அசையாமல் நிற்கப்போவதுதான் அதிகம். மலையேற்றக் கடைக்காரர் ‘இது போதும் சார்’ என்று கொடுப்பதைவிட ஒரு படி கூடுதலாக வாங்குங்கள்.

உடம்போடு ஒட்டிய கம்பளித் தெர்மல், அதன் மேல் ஃப்ளீஸ், அதன் மேல் தடித்த இறகு ஜாக்கெட், காற்றைத் தடுக்கும் மேலுறை. காலுக்கும் இதே அடுக்கு. பருத்தி உள்ளாடை வியர்வையைப் பிடித்துவைத்துக் குளிரூட்டிவிடும்; தவிர்க்கவும். பெரிய ஜாக்கெட்டை லேயிலேயே வாடகைக்கு எடுக்கலாம். காலணியை மட்டும் இங்கேயே, உங்கள் அளவுக்கு ஓர் எண் கூடுதலாக வாங்கி, இரண்டு காலுறை போட்டு நடந்து பழகுங்கள். இறுக்கமான காலணிக்குள் எத்தனை காலுறை போட்டாலும் ரத்தம் ஓடாமல் விரல் விறைக்கும். பாறையில் உட்கார ஒரு துண்டு ஃபோம் பாய். இது இல்லாமல் அரை மணி நேரம் உட்கார முடியாது. உறைந்த ஓடையைக் கடக்க, காலணியில் மாட்டும் மைக்ரோ ஸ்பைக்.

மெல்லிய கையுறை ஒன்று, அதன் மேல் தடித்த கையுறை ஒன்று. ஃபோகஸ் திருகும்போது தடித்ததை மட்டும் கழற்றலாம். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கறுப்புக் கண்ணாடி அலங்காரமல்ல; பனியில் பட்டுத் தெறிக்கும் வெயில் கண்ணைப் புண்ணாக்கும். சன்ஸ்கிரீன், உதட்டுக்குத் தைலம், நெற்றி விளக்கு, அரை லிட்டராவது பிடிக்கும் ஃபிளாஸ்க்.

8x42 அல்லது 10x42 இருகண்நோக்கி ஒவ்வொருவருக்கும் தனியாக வேண்டும். இரவல் வாங்கிப் பார்ப்பது இங்கே சரிப்படாது. விலங்கு முகட்டைத் தாண்டப் பத்து நொடி போதும். முக்காலியில் நிறுத்திப் பார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப் குழுவுக்கு ஒன்று இருந்தால் போதும். வழிகாட்டிகள் பலரிடம் இருக்கும், கேட்டுவிட்டுப் போங்கள். சிறுத்தையை முதலில் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் ஸ்கோப் வழியாகத்தான். 600 மி.மீ. லென்ஸிலும் அது ஒரு புள்ளியாகவே விழக்கூடும் என்பதைப் புகைப்படக்காரர்கள் இப்போதே ஏற்றுக்கொண்டால் அங்கே மனம் வாடாது.

பேட்டரி குளிரில் சட்டென்று வடிந்துவிடும். உதிரிகளை உள்சட்டைப் பையில், உடம்புச் சூட்டில் வையுங்கள், இரவில் போர்வைக்குள். வெளியிலிருந்து வீட்டுக்குள் நுழையும் முன் கேமராவைப் பிளாஸ்டிக் கவரில் இறுகக் கட்டி, அப்படியே இரண்டு மணி நேரம் விட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் அடுப்புச் சூட்டில் லென்ஸுக்குள் நீர் கோத்து, மறுநாள் காலை உறைந்து நிற்கும். தண்ணீர் பாட்டிலைத் தலைகீழாக வையுங்கள். உறைவது மேற்பரப்பிலிருந்து தொடங்குவதால் மூடிப்பக்கம் திறந்தபடி இருக்கும்.

லேயில் மூன்று நாள்: சும்மா இருப்பது ஒரு வேலை

கடல் மட்டத்திலிருந்து ஒரே காலையில் 3,500 மீட்டருக்கு ஏறிவிடுகிறோம். உடம்புக்கு இது அடி. முதல் நாள் படுத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் நாள் கடைத்தெரு வரை மெதுவாக நடக்கலாம். நன்றாகத்தானே இருக்கிறது என்று சாந்தி ஸ்தூபப் படிகளில் ஏறுவது முதல் நாளில் செய்யக்கூடாத காரியம். உயர நோயின் தலைவலி பல மணி நேரம் கழித்துத்தான் வரும். தண்ணீர், சூப், தேநீர் என்று தாகம் எடுக்காமலேயே குடித்துக்கொண்டிருங்கள். மது, தூக்க மாத்திரை இரண்டும் வேண்டாம். முதல் இரண்டு நாள் குளியலையும் விட்டுவிடலாம், யாரும் கேட்கமாட்டார்கள். குளிரில் பல விடுதிகளில் குழாய் உறைந்து, வாளித் தண்ணீர்தான்.

லேசான தலைவலி, பசியின்மை, தூக்கம் பிடிக்காதது இவை எல்லோருக்கும் கொஞ்சம் இருக்கும். தலைவலி மாத்திரைக்கு அடங்காமல் வாந்தியும் சேர்ந்தால் மேலே போகக் கூடாது. உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, விடாத இருமல், நேர்கோட்டில் நடக்க முடியாமல் தள்ளாடுவது, பேச்சில் குழப்பம் இவற்றில் ஏதேனும் தெரிந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஊரில் இருந்தால் இரவோடு இரவாக இறங்குங்கள். லேயில் இருந்தால் சோனம் நோர்பு நினைவு மருத்துவமனைக்குப் போங்கள், அங்கே இது அன்றாடம் பார்க்கும் நோய். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் 90க்குக் கீழே காட்டுவது அந்த உயரத்தில் சாதாரணம். எண்ணைவிட உடம்பு சொல்வதை நம்புங்கள்.

மூன்றாம் நாள் காலை, உடம்பு இசைந்தால், வண்டி வைத்துக்கொண்டு ஷே, திக்சே பக்கம் சிந்து நதிக் கரைக்குப் போங்கள். உயரம் கூடாது, நடை குறைவு, பறவைக்குப் பஞ்சமில்லை. கூழாங்கல் படுகையில், கல்லோடு கல்லாக நிற்கும் ஐபிஸ்பில் பறவையைத் தேடுங்கள். சாம்பல் உடம்பு, கீழ்நோக்கி வளைந்த சிவப்பு அலகு. தலையைத் தண்ணீருக்குள் விட்டுக் கல்லடியில் துழாவும்போதுதான் அசைவு தெரியும். உறையாத ஊற்றுக்கால்களில் சாலிட்டரி ஸ்னைப் என்ற உள்ளான் உடம்பை மேலும் கீழும் ஆட்டியபடி நிற்கும். கரையோரத்து முள்புதர்கள் முழுக்க ஆரஞ்சு நிறப் பழம் காய்த்துக் கிடக்கும். கடல் பக்தார்ன் என்பது அதுதான். அதைத் தின்ன மேலிருந்து இறங்கிவரும் வெள்ளைச்சிறகு ரெட்ஸ்டார்ட் பறவையின் ஆணைப் பார்த்தால் அந்தச் சாம்பல் நிலத்துக்கே நிறம் வந்தது போலிருக்கும். கருப்புக்கழுத்துக் கொக்கை எதிர்பார்த்துப் போகாதீர்கள். லடாக் ஒன்றியப் பகுதியின் அரசுப் பறவைதான், ஆனால் அது கோடை விருந்தாளி. வரித்தலை வாத்தும் அப்படியே. சாங்தாங் ஏரிகளில் கோடையில் குஞ்சு பொரிக்கும் அந்த இனத்தைப் பிப்ரவரியில் பார்க்க வேண்டுமென்றால் நம் திருநெல்வேலிச் சீமையில் கூந்தன்குளத்துக்குத்தான் போக வேண்டும்.

ஊர் வீட்டில்

‘ஜூலே’ என்றால் வணக்கம், நன்றி, போய்வருகிறேன் எல்லாம். பெயரோடோ உறவுமுறையோடோ ‘லே’ சேர்த்தால் மரியாதை: வீட்டம்மாவை ‘அமா-லே’, அண்ணன் வயதுக்காரரை ‘அச்சோ-லே’. இந்தி தெரியாவிட்டாலும் சமாளிக்கலாம், வழிகாட்டிகள் ஆங்கிலம் பேசுவார்கள்.

அடுப்பைச் சுற்றியே வாழ்க்கை. சாணமும் விறகும் எரியும் புகாரி அடுப்பை இரவில் அணைத்துவிட்டுத்தான் தூங்க வேண்டும். மூடிய அறையில் எரியவிட்டால் கார்பன் மோனாக்சைடு வாயு உயிரையே எடுக்கும். சுடுதண்ணீர்ப் பையோ, நன்றாக மூடும் எஃகு பாட்டிலில் வெந்நீரோ காலடியில் வைத்துக்கொண்டால் இரவு நன்றாகக் கழியும்.

கழிப்பறையில் தண்ணீர் கிடையாது. துளைக்குக் கீழே சேர்வது வசந்தத்தில் வயலுக்கு உரம். முடித்ததும் மூலையில் குவித்திருக்கும் மண்ணையோ சாம்பலையோ ஒரு வாரி போட வேண்டும். ஈரத் துடைப்பான் பயன்படுத்துகிறவர்கள் அதை உள்ளே போடாமல் கவரில் கட்டி லேக்குக் கொண்டுவாருங்கள். துடைப்பான் பாக்கெட்டும் குளிரில் உறைந்துவிடும், சட்டைக்குள் வையுங்கள்.

உணவு எளிமையானது: சோறு, பருப்பு, உருளைக்கிழங்கு, துக்பா எனும் நூடுல்ஸ் சூப், உப்புப் போட்ட வெண்ணெய்த் தேநீர். அங்கே தண்ணீர் 87 டிகிரி அளவிலேயே கொதித்துவிடுவதால் குக்கர் இல்லாமல் அரிசி வேகாது. இட்லிப் பொடியும் புளிக்காய்ச்சலும் கொண்டுபோனால் பசியற்ற முதல் நாட்களில் கைகொடுக்கும். அமா-லேவுக்கும் கொடுத்துப் பாருங்கள்.

மலையைப் படிக்கும் முறை

விடியும் முன் ஏழு மணிக்குள் பார்வைமேட்டில் இருக்க வேண்டும். சிறுத்தை அதிகம் நடமாடுவது விடியலிலும் அந்தியிலும். காலை பத்து மணி வரை, மாலை மூன்றரைக்கு மேல் இருட்டும் வரை கண் மலையிலேயே இருக்கட்டும். நடுப்பகலில் தடம் பார்க்கவும் பறவை பார்க்கவும் போகலாம்.

முதலில் வெறுங்கண்ணால் வானத்துக்கும் மலைக்கும் நடுவிலான முகட்டுக் கோட்டை ஓட்டுங்கள். சிறுத்தைக்கு முகடு என்றால் நெடுஞ்சாலை. கோட்டில் ஒரு புடைப்பு இருந்தால் இருகண்நோக்கி. அடுத்து, எதிர்ச் சரிவை மேலிருந்து கீழாக நாலைந்து பட்டைகளாக மனதுக்குள் பிரித்துக்கொண்டு, ஒவ்வொரு பட்டையையும் இடமிருந்து வலமாக மெல்ல நகர்த்திப் பாருங்கள். முடித்ததும் எதிர்த்திசையில் ஒருமுறை. வலமிருந்து பார்க்கும்போது, முதலில் பாறையாகத் தெரிந்த ஒன்று உருமாறித் தெரிவது உண்டு. காலையில் வெயில் முதலில் விழும் பாறைத் திண்டுகளில் நிதானியுங்கள், குளிர்காய அங்கே படுக்கும். நடுப்பகலில் பாறையடி நிழல்கள். உடம்பைவிட வாலைத் தேடுங்கள். கிட்டத்தட்ட உடம்பளவு நீளம், மொத்தமான கயிறு போல, திண்டின் விளிம்பில் தொங்கும்.

இப்போது ஆடுகளுக்கு வாருங்கள். காலையில் பார்வைமேட்டை அடைந்ததும் எந்தச் சரிவில் எத்தனை பாரல் அல்லது ஐபெக்ஸ் என்று எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். மேயும் மந்தையில் சில தலைகள் கீழே, சில மேலே, குட்டிகள் ஓடிக்கொண்டு, ஒழுங்கில்லாமல் இருக்கும். அதுதான் நிம்மதியான மந்தை. திடீரென்று எல்லாத் தலைகளும் ஒரே பக்கம் திரும்பி, மென்ற புல் வாயிலேயே நிற்க, உடம்பு விறைத்து நின்றால் மேய்ச்சல் நின்றுவிட்டது என்று பொருள். கூர்மையான சீழ்க்கை கேட்கும். அப்போது ஆட்டைப் பார்ப்பதை விட்டுவிட்டு, ஆடு பார்க்கும் திசையில் ஸ்கோப்பைத் திருப்புங்கள். ஓநாயைக் கண்டால் மந்தை செங்குத்துப் பாறையை நோக்கி ஓடும். பாறையே சிறுத்தையின் இடமென்பதால் சிறுத்தையைக் கண்டால் பெரும்பாலும் பாறையை விட்டு வெளியே, திறந்த சரிவுக்குப் பாயும். ஓடும் திசையைக் கொண்டு எது வருகிறது என்று ஊகிக்கும் ஸ்பாட்டர்களோடு நின்று பார்ப்பது ஒரு கல்வி.

பறவைகள் சொல்வது இன்னும் தெளிவாக இருக்கும். மேக்பை என்று ஒரு பறவை, கறுப்பும் வெள்ளையும், நீண்ட வால். நம்மூர் வால்காக்கையின் உறவு. அவை இரண்டு மூன்று ஒரே பாறையிடுக்கில் இறங்குவதும் எழுவதுமாக இருந்தால், கீழே இறைச்சி இருக்கிறது. இறங்காமல் மேலே உட்கார்ந்து கத்திக்கொண்டே இருந்தால், இறைச்சிக்குச் சொந்தக்காரரும் பக்கத்தில் இருக்கிறார். அண்டங்காக்கையும் அப்படியே. தாடிப் பாறு ஒரே பள்ளத்தின் மேல் திரும்பத் திரும்ப வட்டமிட்டும் தரையிறங்கத் தயங்கினால் அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டரை மீட்டருக்கு மேல் சிறகு விரிக்கும் இந்தப் பறவை எலும்பை உயரத் தூக்கிப்போய்ப் பாறையில் போட்டு உடைத்து, துண்டுகளை விழுங்கும். அதைக் காண்பதற்காகவே ஒரு நாள் செலவிடலாம். சுக்கர் கௌதாரிக் கூட்டம் கொக்கரித்துக்கொண்டே சரிவில் மேலேறி நடப்பது வழக்கம். சட்டென்று வெடித்துக் கீழ்நோக்கிப் பறந்தால் காரணம் தேடுங்கள். நரியாக இருக்கலாம், பொன்னிறக் கழுகாக இருக்கலாம். ஒவ்வொன்றும் பார்க்கத் தக்கதே.

நடுப்பகல் நடையில் தடம் படியுங்கள். சிறுத்தைக் காலடி ஏறத்தாழ வட்டம், நகம் பதியாது. ஓநாய், நாய் தடங்களில் நகக்குறி இருக்கும். மலையிடுக்குப் பாதையோரம், முகடு திரும்பும் இடம், துருத்திய பெரும்பாறையின் அடி ஆகிய இடங்களில் குனிந்து பாருங்கள். பின்கால்களால் மாறி மாறிப் பறண்டியதில் ஒரு சாண் நீளத்துக்குச் சின்னக் குழி, அதன் ஒரு முனையில் ஒதுங்கிய மண்மேடு. மேட்டின் விளிம்பு கூராக, மண் ஈரநிறமாக இருந்தால் புதியது. விளிம்பு காற்றில் மழுங்கி, மேலே பனித்தூள் படிந்திருந்தால் பழையது. பாறையின் சரிந்த அடிப்பகுதியில் மூக்கை வைத்தால் நெடி தெரியும், சிறுநீர் பீச்சியிருக்கும். அதே இடத்தில் கன்னத்தைத் தேய்த்ததில் இரண்டொரு வெள்ளை முடியும் ஒட்டியிருக்கலாம். தொடாமல் பார்த்துவிட்டு வாருங்கள், அடுத்து வரும் சிறுத்தைக்கான கடிதம் அது.

நடைவழியில் மற்றவையும் கிடைக்கும். ஓடையின் உறையாத மடுக்களில் டிப்பர் என்ற குண்டுப்பறவை தண்ணீருக்குள் மூழ்கி நடக்கும். செங்குத்துப் பாறையில் பட்டாம்பூச்சி போலச் சிவப்புச் சிறகைத் திறந்து மூடி ஏறுவது வால்க்ரீப்பர். விடியலில் உச்சியிலிருந்து இழுத்துச் சீழ்க்கையடிப்பது இமாலய ஸ்னோகாக் எனும் பறவை. பாறை இடுக்கில் பைக்கா எனும் முயலினச் சிற்றுயிர் வெயில் காயும். மர்மோட் தேடாதீர்கள், வசந்தம் வரை வளைக்குள் உறக்கம். ஊருக்கு மேலே, வாய் குறுகி அடி அகன்ற கல்குழி ஒன்றை வழிகாட்டி காட்டக்கூடும். ஷங்டோங் என்று பெயர், உள்ளே ஆட்டைக் கட்டி ஓநாயை விழவைத்துக் கொன்ற பொறி. சில ஊர்களில் அதைச் செயலிழக்கச் செய்து, பக்கத்தில் ஸ்தூபம் எழுப்பியிருக்கிறார்கள்.

கண்ணில் பட்டுவிட்டால்

கத்தாதீர்கள், ஓடாதீர்கள், கை நீட்டிக் கூட்டத்தைக் கூப்பிடாதீர்கள். ஸ்கோப்பில் ஒருவர் பத்து நொடி, பின் அடுத்தவர். எல்லோரும் ஒருமுறை பார்த்த பிறகே நிதானமாக ஆளுக்கு ஒரு நிமிடம். நெருங்குவதா வேண்டாமா என்பதை வழிகாட்டி முடிவு செய்யட்டும். அவர் நில் என்றால் நிற்க வேண்டும். நல்ல படத்துக்காக நாலடி முன்னே போய் விலங்கை முகடு தாண்ட வைப்பவரால், அந்தப் பள்ளத்தாக்கில் அன்று காத்திருந்த அத்தனை பேரின் நாளும் போகும். குளிரில் அது ஓடிச் செலவழிக்கும் ஆற்றலை ஈடுகட்ட இன்னோர் ஆடு வேண்டும். டிரோன் கூடாது. ஆந்தைக்கோ கௌதாரிக்கோ குரல் பதிவு போட்டுக் கூப்பிடுவதும் கூடாது.

இரையைக் கொன்ற சிறுத்தை சில நாட்கள் அதே இடத்தைச் சுற்றியே இருக்கும். அந்த அதிர்ஷ்டம் வாய்த்தால் இரைக்கும் அது ஒதுங்கியிருக்கும் பாறைக்கும் நடுவில் யாரும் போகக் கூடாது. இருட்டுவதற்குள் எல்லோரும் இறங்கிவிட வேண்டும். விளக்கு அடித்துப் பார்க்கும் ஆசையை விட்டுவிடுங்கள்.

படம் கிடைத்தால் இடத்தின் துல்லியமான குறியீட்டோடு வலைத்தளங்களில் போடாதீர்கள். ‘லடாக்’ என்று மட்டும் போதும். ஆனால் பெரிதாக்கிப் பார்க்கத்தக்க படங்களைத் தேதியோடும் இடத்தோடும் உங்கள் வழிகாட்டிக்கு அனுப்பிவையுங்கள். ஒவ்வொரு சிறுத்தைக்கும் புள்ளிகளின் அமைப்பு வேறு. விலாவில் உள்ள திட்டுகளை ஒப்பிட்டு, போன குளிரில் குட்டியோடு திரிந்த பெண் இதுதானா என்று ஊர்க்காரர்கள் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். படங்களை அனுப்பும்போது விலாவின் இடப்பக்கமும் வலப்பக்கமும் தெரியும் படியானவற்றைத் தேர்ந்தெடுங்கள், இரண்டு பக்கத்துத் திட்டுகளும் ஒன்று போல இருக்காது.